மூக்கை நக்கிய உடும்பு டாக்டர்

ஒரு காட்டில் ஐப்பசி மழையோடு இருமலும் சேர்ந்து இறங்கியது. புள்ளிமான் தும்மியது, குரங்கு மூக்கைச் சிந்தியது, பாவம், ஒரு கிழட்டு நரி மூச்சு முட்டிச் செத்தும் போனது. காடே கதிகலங்கி நின்றபோது, பாறையில் வெயில் காய்வதைத் தவிர ஆயுளில் வேறு வேலை பார்த்திராத உடும்பு வாயைத் திறந்தது.

"எல்லாம் வெயில் சத்துக் குறைவு. வைட்டமின் டி! நான் வெயில்லயே கிடக்கேன், எனக்கு ஒரு தும்மல் வந்துச்சா?"

வெயிலில் சத்து இருப்பது உண்மைதான். அந்த ஒரே ஒரு உண்மையை வைத்துக்கொண்டு உடும்பு மறுநாளே டாக்டர் ஆகிவிட்டது. புளியமரப் பொந்தில் கிளினிக். வருகிறவர் மூக்கு நுனியை ஒரு நக்கு நக்கி, உடம்பில் சத்து எவ்வளவு என்று நம்பர் சொல்லும். முப்பது இருந்தால் நார்மல்.

அதே காட்டில் ஒரு வளைக்குள் பூவாயி என்ற முள்ளம்பன்றியும் அவள் புருஷன் சடையனும் குடியிருந்தார்கள். பகலெல்லாம் தூக்கம், இருட்டினால்தான் இரை தேடப் புறப்பாடு. வெயில் பக்கமே அவர்கள் போனதில்லை. முள்ளுக்குப் பயந்து அவர்கள் பக்கம் யாரும் வந்ததுமில்லை. அதனால் இருமலும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் சடையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எனக்குப் பன்னெண்டு, உனக்குப் பதினெட்டுன்னு காட்டுல எல்லாரும் பேசிக்கிறாங்க புள்ள. நமக்கு ஒரு நம்பர்கூட இல்லையே."

"நல்லாத்தானேய்யா இருக்க? இல்லாத நோவை ஏன் போய் வாங்கிட்டு வரணும்?" என்றாள் பூவாயி. சொன்னால் கேட்கிற ஆளா அவன்? தனியாக அனுப்ப மனமில்லாமல் அவளும் கூடப் போனாள்.

பொந்துக்குள் கால் வைக்க இடமில்லை. காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வெயில் சத்துக்காக வந்த கூட்டம் இருட்டில் ஒருவர் மேல் ஒருவர் இருமிக்கொண்டு நின்றது. சடையனுக்கு முன்னால் குரங்கு. ஒழுகுகிற அந்த மூக்கை நக்கிய நாக்கை உடும்பு துடைக்கக்கூட இல்லை. துடைத்தால் ராசி போய்விடுமாம்.

"முள்ளோட வந்தா நான் எப்படிப்பா கிட்ட வந்து மூக்கை நக்குறது? கழுத்துல, தோள்ல இருக்கறதையெல்லாம் பிடுங்கிட்டு வா," என்றது உடும்பு.

"பிடுங்காதய்யா!" என்று பூவாயி சொல்லி வாய் மூடவில்லை, அவன் பிடுங்கவே ஆரம்பித்துவிட்டான். உடும்பு நக்கியது. "ரெண்டு!"

பொந்தே வாயைப் பிளந்தது. "ரெண்டா! எப்படிய்யா இன்னும் உசுரோட இருக்க?" என்று குரங்கு அவன் தோளில் கை போட்டது. மான் நெருங்கி வந்து ஆறுதலாக ஒரு தும்மல் தும்மியது. முள் போன சடையனை முதல்முதலாக நாலு பேர் தொட்டார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பைக் கல்யாணத்தன்றுகூடப் பூவாயி பார்த்ததில்லை. அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

மழை விட்டது. டாக்டர் சொன்னபடி சடையன் பாறையில் போய்க் கிடந்தான். இரண்டொரு நாளில் காய்ச்சல் வந்தது, பின்னாலேயே இருமல். இருமல் ஏற ஏற, உடும்பு நக்கிச் சொன்ன நம்பரும் ஏறியது.

"டாக்டர், அவரால மூச்சு விட முடியலையே!" என்று அவனைப் பொந்துக்குத் தாங்கிக் கூட்டிவந்து அழுதாள் பூவாயி.

உடும்பு நக்கிப் பார்த்தது. "முப்பது! நார்மல்மா. சந்தோஷமா கூட்டிட்டுப் போ."

"அப்ப மூச்சு?"

"மூச்சு நான் பாக்கறதில்ல. எனக்கு வெயில் மட்டும்தான்."

அன்று பொழுது சாய்வதற்குள் சடையன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

துக்கம் கேட்கக் காடே திரண்டு வந்தது. "முப்பதோட போயிருக்கான்ய்யா, கொடுத்து வச்சவன்," என்றது குரங்கு. "ரெண்டுலயே போயிருந்தா எவ்வளவு கேவலம்!" என்றது மான். உடும்பும் மாலையோடு வந்து, "நீயும் ஒரு தடவை பாத்துக்கம்மா," என்று நாக்கை நீட்டியது.

பூவாயி உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினாள். அத்தனை முள்ளும் நட்டுக்கொண்டு நின்றன. "நாக்கை உள்ள இழு!"

உடும்பு துள்ளிப் பின்வாங்கியது. "பாத்தீங்களா, என்ன கோபம்! இதுவும் சத்துக் குறைவுதான்," என்றது. கூட்டம் இருமிக்கொண்டே தலையாட்டியது.

அதற்குப் பிறகு பூவாயி ஒரு தும்மல்கூட இல்லாமல் ரொம்பக் காலம் வாழ்ந்தாள். நம்பர் இல்லாததால், அவள் ஆரோக்கியமாக இருந்ததை யாரும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நீதி: நம்பர் மட்டும் சரியாக இருந்துவிட்டால், செத்தாலும் ஆரோக்கியமாகச் செத்ததாகத்தான் கணக்கு.