காலத்தை முந்துகிறவர்

முதலாளிகளில் பல தினுசு உண்டு. கத்துகிற முதலாளி, கஞ்ச முதலாளி, சாமி பேரைச் சொல்லியே சம்பளத்தைத் தள்ளிப்போடுகிற முதலாளி. இவர்கள் எல்லாருடைய பட்டறையையும் நான் பெருக்கியிருக்கிறேன். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் புதுத் தினுசு ஒன்று முளைத்திருக்கிறது. அதற்குப் பெயர் காலத்தை முந்துகிறவர்.

கண்டுபிடிப்பது சுலபம். எதைச் சொன்னாலும் 'இன்னும் ரெண்டே வருஷத்தில்' என்று ஆரம்பிப்பார். ஒரு நாள் ஏதோ பெரிய ஓட்டலில் கூட்டத்துக்குப் போய், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுத் திரும்பியிருப்பார். அந்த அட்டையைக் கழற்றவே மாட்டார். மழையில் தொப்பலாக நனைந்தபடி, மழை வருமா என்று போனைக் கேட்பார்.

எங்கள் முதலாளி லோகநாதன் அந்த இனத்தில் அசல் வித்து.

பட்டறையில் இருப்பது இரும்பு கடையும் லேத் இரண்டு, மூன்று ஆட்கள், டீ போட்டுப் பெருக்க நான். இந்தப் படைக்கு வாசலில் கைரேகை மெஷின் வைத்தார். லேத் ஓட்டும் முனியனுக்கு இருபது வருஷம் இரும்பைப் பிடித்து ரேகையே தேய்ந்துவிட்டது. கட்டைவிரலை வைத்து வைத்துப் பார்க்கிறான், கதவு திறக்கவில்லை. லோகநாதன் உள்ளே இருந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "நீ யாருன்னு அது சொல்லலியே முனியா, கொஞ்சம் இரு."

வீட்டிலும் இதே கூத்துதான். விளக்கு, மின்விசிறி எல்லாம் வாயால் சொன்னால் போட்டுக்கொள்ளுமாம். இன்டர்நெட் போன அன்று இருட்டில் உட்கார்ந்து விளக்கைக் கெஞ்சியிருக்கிறார். அவர் சம்சாரம் எழிலரசியே என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கப் புருஷன் போதாதா, விளக்கு வேறு வேண்டுமா? எனக்கு அந்தப் புருஷனும் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நிம்மதியாகச் சுவிட்சைத் தட்டுகிறேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆடி முடிந்ததும் இன்னொன்று செய்தார். வாடிக்கைக்காரர்களுக்கு வாட்ஸப்பில் தானே பதில் சொல்லும் மெஷினைப் போனில் ஏற்றினார். ராத்திரி பகல் பார்க்காமல் பேசும், தேன் ஒழுகப் பேசும், 'முடியாது' என்ற வார்த்தையே அதற்குத் தெரியாது. அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆயுத பூஜை வந்தது. லேத்தைத் துடைத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பானர் முதல் என் துடைப்பம் வரை சாமி படத்தின் முன்னால் அடுக்கி, பூசணிக்காயும் உடைத்தாயிற்று. அன்றைக்குக் கருவியைத் தொட்டால் கை விளங்காது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எனக்கே தெரிந்த விஷயம் அது. பொரியைக் கையில் வாங்கும்போது லோகநாதன் போனைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது.

பன்னிரண்டு வருஷமாக வேலை கொடுக்கும் ஆவடி பம்பு கம்பெனி. இந்தப் பட்டறையில் அடுப்பு எரிவதே அவர்களால்தான். அவர்களிடமிருந்து வந்த செய்தி: இன்று மதியம் இரண்டு மணிக்குள் பம்புக்குள் மாட்டும் புஷ் வளையம் முந்நூறு வராவிட்டால் ஆர்டர் ரத்து. போன வாரமே நம்முடைய மெஷின் 'நிச்சயமாக, தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி' என்று ஒத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஏது பூஜை, ஏது பொரி?

லேத்தை ஓட்டச் சொல்லி முனியனிடம் கெஞ்சினார். அவன் பொரியை மென்றுகொண்டே சொன்னான்: "பொட்டு வெச்ச மெஷினத் தொடமாட்டேன் மொதலாளி. உங்க போனுதான வாக்கு குடுத்துச்சு? அதயே வந்து ஓட்டச் சொல்லுங்க."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குங்குமத்தைத் துடைத்துவிட்டு, அவரே லேத்தில் நின்றார். லேத்தைத் தொட்டுப் பத்து வருஷம் ஆனவர். ஆறு புஷ் கடைந்தார், ஆறும் பழைய இரும்புக்குத்தான் போனது. அவர் ஏழாவதை மாட்டப் போனதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. முனியனுக்கு அதைவிட. அவர் போனை வாங்கி, எழுதாமல், மனிதன் மாதிரிக் கூப்பிட்டான். அந்தக் கம்பெனியில் சரக்கு வாங்கும் சரவணக்குமார் எடுத்தார். பேச்சு எல்லாருக்கும் கேட்டது.

"இன்னிக்கா? யாரு கேட்டது? எங்க கம்பெனியே பூட்டிக்கீதுபா. ஸ்டாக்கு கொறஞ்சா கம்ப்யூட்டரே ஆர்டர் போட்டுடும், கெடு வெச்சுடும். திங்கக்கெழம குடுங்க, போதும்."

ஆக, அங்கே ஒரு மெஷின் கேட்டிருக்கிறது, இங்கே ஒரு மெஷின் கொடுத்திருக்கிறது. நடுவில் ஒரு மனிதன் பட்டு வேட்டியில் எண்ணெய்க் கறையோடு நிற்கிறான்.

திருந்தினாரா? நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சோடா குடித்தார். அப்புறம் சொன்னார்: "பாத்தியா முனியா, நடுவுல மனுசன் பூந்ததாலதான் கொழப்பம். இன்னும் ரெண்டே வருசத்துல..."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் உங்கள் மச்சினி மகள் சடங்குக்குப் போனையே எழுதச் சொல்லி ஒரு வாழ்த்து அனுப்பினீர்களே, அழகாக எழுதியிருந்ததாக ஊரே சொன்னது. நீங்கள் அதைப் படித்துப் பார்த்தீர்களா? 'குடும்பத்துடன் அவசியம் வருகிறோம்' என்று அதில் இருந்தது. கடைசிப் பந்தி முடியும்வரை உங்களுக்கு நாலு இலை போட்டு வைத்திருந்தார்கள்.