பெயர் எழுதாத காணிக்கைக் கவர்

ரத்தம் எடுத்ததில் எனக்கு யார் மேலும் கோபமில்லை. எடுத்த செய்தியை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மைக் வைத்து வாசித்தார்களே, அதை நினைத்தால் மூன்று வருடம் கழித்தும் பற்றிக்கொண்டு வருகிறது.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெபாவிடம், ஒரே கதையை ஒரே போனில் இரண்டு முறை சொல்லிவிட்டேன். (நல்ல கதை. இரண்டு முறை சொல்லலாம்.) உடனே ஆரம்பித்தாள்.

"அப்பா, மறதி நோய் வெளிய தெரியதுக்குப் பல வருசம் முன்னாலயே மூளையில வேண்டாத புரதம் சேர ஆரம்பிச்சிரும். இப்போ அத ரத்தத்துலயே பாக்கலாம். டாக்டர்ட்ட கேளுங்க."

முப்பத்து நான்கு வருடம் பூகோளம் நடத்திய எனக்கு மறதியா! டாக்டரோ, "இத மட்டும் வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, ஆனா பாத்துக்கிடலாம்" என்று எழுதியே கொடுத்துவிட்டார். நாகர்கோவிலில் ரத்தம் கொடுத்தேன். "ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக்கூடாது" என்று மனைவி ரோஸ்லினிடம் சொல்லி வைத்தேன்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆலயத்தின் ஜெப விண்ணப்பப் பெட்டியில் எழுதிப் போட்டுவிட்டாள். போதகர் அதை என் பெயர், தெரு உட்பட உருக்கமாக வாசித்தார்.

"ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா?"

"ஆண்டவர்ட்ட சொல்லாம பின்ன யார்ட்ட சொல்ல?"

"ஆண்டவருக்கு மைக் எதுக்குட்டி?"

அன்றே ஆலய வாசலில் எனக்குப் பரீட்சை தொடங்கிவிட்டது. "சார், நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?" வடசேரி சந்தையில் வாழைக்காய் விற்கிறவள்கூட, "சாருக்கு வீட்டுக்கு வழி தெரியும்லா?" என்றாள். போதாததற்கு, பதினேழு வருடமாக நான் செய்துவந்த வேதபாட வாசிப்பை, "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுதான் வலித்தது. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு எழுந்து நின்று உரக்க வாசிக்க மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். நிஜமாகவே ரத்தத்தில் ஏதாவது இருந்துவிட்டால் என்ற பயம் வேறு. அதை ரோஸ்லினிடம்கூடக் காட்டவில்லை.

பத்தாம் நாள் முடிவு வந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

"ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்ல நான் எழுதட்டா?" என்றாள் ரோஸ்லின்.

"நீ எழுதினது போதும்!"

எதற்காக ஸ்தோத்திரம் என்பதைக் கவர்மேல், கரும்பலகையில் எழுதுகிற அதே முத்து முத்தான எழுத்தில் நானே எழுதினேன். ஞாயிறன்று காணிக்கைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

போதகர் வாசித்தார். "ஞாபக சக்தி பூரண நலமாக இருப்பதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வேதபாடம் வாசிக்க இனி எந்தத் தடையும் இல்லை." கவரைத் திருப்பினார். உள்ளே பார்த்தார். மறுபடியும் திருப்பினார்.

"பேரு எழுத மறந்திருக்காவ..."

மொத்த சபையும் திரும்பி என்னைப் பார்த்தது. பெண்கள் பக்கமிருந்து முதல் சிரிப்பு கிளம்பியது. நாற்பது வருடமாக வீட்டில் கேட்ட சிரிப்பு அது, எனக்கா தெரியாது!

கோபத்தில் ஒரு பெயர் விட்டுப்போவது நோயா? ஊரில் வேறு யாருக்கும் நடக்காததா? கேட்பாரில்லை. ஜெபா இன்றும் போனை எடுத்ததும், "அப்பா, பேரு எழுதினியளா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

வாசிப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பாடம் வாசிக்க வேதாகமத்தைத் திறந்தால், உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். ரோஸ்லினின் கையெழுத்தில், என் பெயர் மட்டும். கிழித்துப் போடுகிறேன். அடுத்த ஞாயிறும் இருக்கிறது.