சீனாவுக்கு லீவு விடுகிற மாமா

சீன அரசாங்கம் பொது விடுமுறை அறிவிப்பதற்கு முன்னால், பர்மாவில் யாங்கோன் நகரத்துப் பசுந்தாங் பேட்டையில் எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டில் இருக்கும் உதயசூரியன் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறது. நம்பவில்லையா? அப்படியானால் 'சீன லீவு நிபுணர்' என்கிற உயிரினத்தை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த இனத்துக்குச் சீனமொழி தெரியாது. சீனாவைப் பார்த்ததும் கிடையாது. சீனர்கள் வாழும் லத்தா பேட்டை நகைக்கடையில் கெஞ்சி வாங்கிய சிவப்புக் காலண்டரை வாசலுக்கு நேராக மாட்டி, அதன் கீழே பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, காலையில் மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கப் போகிறவரையும் குப்பை கொட்டப் போகிறவரையும் மறித்துப் பயண ஆலோசனை வழங்கும். மாமா போன அதிகபட்சத் தூரப் பயணம் என்ன தெரியுமா? கியாக்தான் தீவுப் பகோடா. படகில் ஐந்து நிமிடம். அதிலும் வாந்தி.

செல்போன் உறை விற்கிற சுலைமான், ஏப்ரல் தொடக்கத்தில் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போய்ச் சரக்கெடுக்கலாமா என்று ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டார். (எங்கள் ஊரில் 'கோ' என்றால் அண்ணே மாதிரி, 'ஊ' என்றால் ஐயா மாதிரி.)

"கோ சுலைமான், அது அவங்க கல்லறை கும்பிடற லீவு. நாடே செத்தவங்களப் பாக்கப் போறப்போ, உயிரோட இருக்கிற உனக்கு யாருய்யா ரயில்ல இடம் குடுப்பா?"

"அப்ப சீனப் புத்தாண்டுக்குப் போறேன், ஊ உதயா."

"போயி? கடைகடையா பூட்டு பாத்துட்டு வரவா?"

"அக்டோபர்?"

"அக்டோபர்ல அவங்க தேசிய தின லீவு, சீனாக்காரன் மொத்தமும் ரோட்டுல நிப்பான். நீ எங்க நிப்ப?"

சுலைமான் இன்றுவரை போகவில்லை.

ஏன் இந்தப் பைத்தியம்? மாமாவின் மகள் மஞ்சுளா அக்காவுக்குக் சீனாவின் குன்மிங் நகரில் ஓட்டல் வேலை. சீனாவுக்கு லீவு என்றால் ஓட்டலில் கூட்டம்; கூட்டம் என்றால் அக்காவுக்கு லீவு கிடையாது. சீனா முழுக்க வேலைக்குத் திரும்பினால்தான் அவர் வீட்டுக்குத் திரும்பலாம். போன இரண்டு வருடமும் அது நடக்கவில்லை. இந்த அக்டோபர் லீவு முடிந்ததும் கட்டாயம் வருகிறாராம். வந்தால் எனக்கென்ன, வராவிட்டால் எனக்கென்ன?

போன வாரம் மூச்சிரைக்க ஓடினேன். "மாமா! சீனாவுல லீவை இன்னும் ஒரு வாரம் நீட்டிட்டாங்களாம்!"

குதிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மாமா காலண்டரைக் கழற்றிச் சுருட்டினார். உள்ளே போய், அக்காவுக்கென்று வாங்கி வைத்திருந்த இறால் கருவாட்டுப் பையை எடுத்து வந்து நீட்டினார்.

"உங்கம்மாகிட்ட குடு. இனி யாரு திங்கறது?"

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"பொய் மாமா! நீட்டல! லீவு முடிஞ்ச சனிக்கிழமைகூட அங்க வேலைநாள்தான், லீவுக்கு ஈடு! ஓட்டல் காலியாயிரும்! அக்கா மறுநாள் பிளேன்ல ஜன்னலோரமா உக்காந்து வந்துரும்!"

மாமா காலண்டரை விரித்து, நிதானமாக ஆணியில் மாட்டினார்.

"லீவை நீட்டினா எனக்குத் தெரியாதாடா? அது கெடக்கட்டும். ஜன்னலோரம்னு எனக்கே அவ சொல்லலியே. தெனம் யாரோ போன் போட்டு நச்சரிக்கிறாங்கன்னு அவ சொன்னாளே, அது நீதானா?"

வாசகர்களே, ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாட்டின் லீவு நாள் உங்களுக்கும் மனப்பாடமா? யாருக்காக என்று நான் கேட்கமாட்டேன்.

"உள்ள இன்னொரு முக்காலி இருக்கு," என்றார் மாமா. "எடுத்துட்டு வந்து உக்காரு."