மட்டைக் கிளாக்கரின் குடுமிக் கயிறு

உலகத்தில் கோல்ஃப் ஆடியவர்களுக்குள் குடுமியில் கயிறு கட்டிக்கொண்டு ஆடியவர் சரவணை மட்டைக் கிளாக்கர் ஒருவர்தான். கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவேன். கயிற்றின் மறு நுனி என் கையில் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சரவணை என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போன பட்டணத்தான் நான். அடுத்த வளவு வீட்டில் அவர். மலாயாவில் ஒரு இறப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து, பென்சனோடு திரும்பியவர். அங்கே துரைக்கு ஆடத் துணை கிடைக்காத நாட்களில் இவரைப் பிடித்து நிறுத்துவாராம். இவர் எப்படி அடித்தாலும் பந்து வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போய்விடும். பிரியாவிடை நாளில் துரை தன் பழைய மட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, சாகும்மட்டும் உன் பந்து வலப்பக்கம்தான் என்று சொல்ல, கந்தோர் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு மனுசனைக் கப்பலேறித் துரத்திக்கொண்டு வந்துவிட்டது.

அந்தத் துரை, சீமைக்குத் திரும்பும் வழியில் புரட்டாதியில் வந்து பார்ப்பதாக வைகாசியில் கடிதம் போட்டார். கிளாக்கருக்கு நித்திரை போயிற்று. துரையின் கண் முன்னால் ஒரு பந்து, ஒரே ஒரு பந்து, நேராகப் போகவேண்டும். முற்றத்துக்கு வடக்கே, அறுத்த வயலின் கடைசித் தொங்கலில் நின்ற ஒற்றைப் பனைக்குச் சுண்ணாம்பு பூசினார். அதுதான் குறி.

முதல் நோய், அடிக்கும்போது தலை பந்தோடு சேர்ந்து போவது. அதற்கு மருந்துதான் கயிறு. தலை திரும்பினால் நான் பின்னால் நின்று சுண்டி இழுக்கவேண்டும். அதனால் தன் பந்து எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியாது. குனிந்தபடியே என்னிடம் கேட்பார். வலப்பக்கம் என்பேன்.

இரண்டாவது நோய், முழங்கை கோழிச் செட்டை மாதிரி விரிவது. கமக்கட்டு இடுக்கில் பச்சை முட்டை வைத்தார். ஒரு கிழமை நாற்றத்தில் அவருக்குக் கிட்டப் போக ஏலாது. அவித்த முட்டை வைத்தாலென்ன என்று கேட்டேன்.

"அவிச்ச முட்டைக்கு ஆர் காணும் பயப்பிடுறது?" என்றார்.

மூன்றாவதுதான் மூல நோய். மட்டை வெளியிலிருந்து குறுக்கே வெட்டி வருவதால்தான் பந்து வலப்பக்கம் வளைகிறதாம். பந்துக்கு அப்பால் ஒரு மண்சட்டியை வைத்தார். குறுக்கே வெட்டினால் சட்டி உடையும். உடைந்தது. குசினியில் இருந்ததெல்லாம் உடைந்தது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கறிச்சட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஆனி முடிய சட்டி உடையவில்லை, முட்டை உடையவில்லை, தலை அசையவில்லை. பந்து மட்டும் வலப்பக்கம்தான் போனது! கிளாக்கர் அழாக்குறையாக நின்றார். பிறகு நாளுக்குக் கொஞ்சமாகக் காலை இடப்பக்கம் திருப்பினார். ஆவணியில், பனைக்கு இடப்பக்கம் இருந்த கிணற்றைப் பார்த்து நின்று அடித்தால் பந்து வெள்ளைப் பனையடியில் விழுந்தது. என்னைக் கட்டிப்பிடித்தார். முட்டை அப்போதுதான் உடைந்தது.

துரை வந்தார். கதிரையைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போடச் சொன்னார். "கிளாக்கர் பந்து வலப்பக்கம் போகும். இடப்பக்கம் இருக்கிறவன் நூறு வயசு இருப்பான்" என்று தோட்டத் தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கிளாக்கர் கிணற்றைப் பார்த்து நின்றார். நான் கயிற்றைப் பிடித்தேன். பனையோலைச் சத்தம் ஒன்றும் இல்லை, என்னவோ குறைகிறதே என்று நினைத்தேன். அதற்குள் அடித்துவிட்டார்.

பந்து நூல் பிடித்த மாதிரிப் போய்த் துரையின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிணற்றில் விழுந்தது. துரை கதிரையோடு சரிந்தார்.

"எங்க போனது?" என்று குனிந்தபடியே கேட்டார் கிளாக்கர்.

தேத்தண்ணித் தட்டத்தோடு வந்த அக்காதான் சொன்னார்.

"சோழகம் விழுந்திட்டுது. நேற்றே காத்து நிண்டிட்டுது. உங்கட பந்து எப்பவோ நேராப் போகத் துவங்கிட்டுது, காத்துத்தான் தள்ளினது. பனையைப் பாத்து அடியுங்கோ."

நாலு மாதமாக மேற்கேயிருந்து சோழகக் காற்று அடித்ததை மலாயாக்காரரும் மறந்துபோனார், பட்டணத்தானுக்கும் தெரியவில்லை. அந்த ஊரில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்.

கிளாக்கர் காலைத் திருப்பினார். இன்னொரு பந்தை வைத்தார். அது போய் வெள்ளைப் பனையில் டொக்கென்று பட்டது. துரை சேற்றோடு எழும்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கிளாக்கர் தலை நிமிரவே இல்லை. நான் கயிற்றை விட மறந்துபோனேன்.

முதலே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று பிறகு அக்காவைக் கேட்டேன்.

"முப்பது வருசம் கடலுக்கு அங்கால இருந்த மனுசன், தம்பி. நாலு மாதம் முத்தத்தில நிண்டு சிரிச்சுக் கதைச்சுது. நான் ஏன் நிப்பாட்டுவான்?"

இப்போது இருவரும் இல்லை. வைகாசியில் சோழகம் எழும்பினால், என் கை இன்னும் அந்தக் கயிற்றைத் தேடுகிறது.