முதுகில் ஆறு பக்கிள்

மார்புக் கவசம் கதவில் சிக்கிக்கொண்டது.

மாஸ்டர் அதை வலது பக்கம் சாய்த்தார், இடது பக்கம் சாய்த்தார், குப்புறப் போட்டுக் காலால் தள்ளியும் பார்த்தார். ஆறு வாரமாகக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃபோம் ஷீட்டை வெட்டி, சூட்டுக் காற்றில் வளைத்து, பசை தடவி ஒட்டிய மார்பு அது. கதவின் அகலம் இரண்டரை அடி, மார்பின் அகலம் மூன்றே கால். முப்பத்தெட்டு வருஷமாக ஊரார் பாதங்களை நூல் பிசகாமல் அளந்து ஷூ தைக்கிற மனிதருக்கு, சொந்தக் கதவை ஒரு தரம் அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். கதவை முழுசாக அடைத்துக்கொண்டு நின்ற சாம்பல் நிற மார்பைப் பார்த்தாள்.

"நீ உள்ளே இருக்கியா, வெளியே இருக்கியா?"

"உள்ளே."

"சரி. சாப்பாட்டை ஜன்னல் வழியாக் கொடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போனாள்.

அறுபத்தொரு வயதில், முட்டி தேய்ந்த ஒரு மனிதர் ஒன்பது அடி ராட்சசனாக வேஷம் கட்ட என்ன அவசியம் என்று தெருவில் பலரும் கேட்டார்கள். அவர்களிடம் விளம்பரத்துக்கு என்று சொல்லிவைத்திருந்தார். உண்மையான காரணம் இரண்டு வருஷம் பழையது.

அன்று மருத்துவமனையில் அவர் மனைவி இறந்துபோனாள். ஒரே மகன் அப்போது ஏதோ வேஷப் போட்டியில் இருந்தான். அவனுக்கு அந்தப் பைத்தியம் உண்டு. ஃபோமில் கவசம் செய்து போட்டுக்கொண்டு, தன்னைப் போன்ற இன்னும் பத்து பைத்தியங்களோடு ஊர்வலம் போவான். தகவல் போனதும் ஓடிவந்தவன், வெள்ளி நிறக் கவசத்தோடு அப்படியே வந்துவிட்டான். வார்டுக் கதவில் அவனுடைய இடது தோள் மாட்டிக்கொண்டது. தலைமாட்டில் நின்ற உறவுக்காரி ஒருத்திக்கு, அழுதுகொண்டிருந்த வாயிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பில்தான் மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "இதைக் கழட்டிட்டு வர உனக்கு ரெண்டு நிமிஷம் கிடைக்கலையா? உங்கம்மாவை வழியனுப்பக் கோமாளி வேணாம். போடா" என்றார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பேசாதே, போ" என்றார் மறுபடியும். அவன் தோளைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஃபோம் கிழிந்த சத்தம் கேட்டது. தாயின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஃபோன் நம்பர் மாறியது, வீடு மாறியது. போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் செருப்பைச் சுற்றிக் கொண்டுவந்த வேஷக் கண்காட்சி விளம்பரத் தாளில் வெள்ளி ராட்சசன் ஒருவன் நின்றான். இடது தோளில் கிழிசலை ஒட்டிய தடம் தெரிந்தது. கண்காட்சி மண்டபத்தைத் தேடிப் போய், கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்று, ராட்சசர்கள் வரிசையாக நடந்தபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெள்ளி ராட்சசன் திரும்பவில்லை. பின்வாசல் பக்கம் ஓடிப்பார்த்தார், அதற்குள் எல்லோரும் வண்டி ஏறிப் போயிருந்தார்கள். அடுத்த வருஷமாவது கயிற்றுக்கு உள்ளே போக ஒரே வழிதான் இருந்தது. எட்டு அடிக்கு மேல் உயரமாக யார் வந்தாலும் வரிசையில் சேர்த்துக்கொள்வார்கள்.

போய்ச் சொல்ல வேண்டியதையும் அவர் தயாராக வைத்திருந்தார். 'நடந்தது நடந்துபோச்சு, நான் மன்னிச்சிட்டேன், வீட்டுக்கு வா.' தன் பெருந்தன்மையைச் சில நாள் அவரே மெச்சிக்கொண்டார்.

கவசம் செய்கிறவர்களுக்கென்று ஃபோனில் ஒரு குழு இருந்தது. மாஸ்டர் அதில் 'புதியவன்' என்ற பெயரில் நுழைந்து சந்தேகம் கேட்டார். பாதிப் பேர் கேலி செய்தார்கள். 'ஆணி' என்ற பெயரில் இருந்த ஒருவன் மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பதில் போட்டான். பசை தனக்குக் கைவந்த விஷயம், அதைப் பற்றித் தனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று மாஸ்டர் அவனுக்கு எழுதினார். சான்றாக, ஒட்டிய வயிற்றுப் பகுதியைப் படம் பிடித்து அனுப்பினார். படத்தின் ஓரத்தில், பச்சைத் துணி சுற்றிய பிடியோடு அவருடைய தோல் வெட்டும் கத்தியும் விழுந்திருந்தது. துணியைச் சுற்றிக் கொடுத்தவள் மனைவி.

இரண்டு நாள் ஆணியிடமிருந்து பதிலே இல்லை. கோபித்துக்கொண்டான் போல என்று நினைத்தார். மூன்றாம் நாள், இனிமேல் குழுவில் கேட்க வேண்டாம், தன்னிடமே நேராகக் கேட்கலாம் என்று எழுதினான். அன்றிலிருந்து 'நீங்க', 'வாங்க' என்று ஒரே மரியாதை. உயரத்துக்குக் கட்டைக்கால் வேண்டாம், முட்டிக்கு ஆகாது, தலைப் பகுதியை உயர்த்திக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொன்னான்.

"யாரு பெத்த புள்ளையோ, நல்லா வளர்த்திருக்காங்க" என்றார் மாஸ்டர் அக்காவிடம். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காய் நறுக்கப் போனாள்.

கதவில் சிக்கிய மார்புக்கும் ஆணிதான் வழி சொன்னான். இரண்டு விலாவிலும் அறுத்து முன்பாதி, பின்பாதி என்று பிரித்துவிட வேண்டும். போட்டுக்கொள்ளும்போது முன்பாதியின் வார்களைப் பின்னால் இழுத்து மாட்ட, முதுகில் ஆறு பக்கிள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார். மார்பு வெளியே வந்தது. பக்கிள்களையும் ஷூவுக்குத் தைப்பது போல இரட்டைத் தையல் போட்டுக் கச்சிதமாக வைத்தார்.

போட்டுப் பார்க்கிற வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வைத்துக்கொண்டார். அக்கா பின்னால் நின்று ஆறு பக்கிளையும் மாட்டினாள். மேலே பால் வைத்திருக்கிறேன், அணைத்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பால் பொங்கியதா, பக்கத்து வீட்டுக்காரி வந்தாளா தெரியாது. ஒரு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம். மாஸ்டர் கடை நடுவில் ஒன்பது அடி உயரத்துக்கு நின்றார். உட்கார முடியாது, முதுகுக்குக் கை எட்டாது. கழுத்து இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளிச்சமும் நிறைய வியர்வையும் வந்தன.

அப்போது கறுப்பு ஷூவைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த பஸ் டிரைவர் உள்ளே வந்தார்.

"மாஸ்டர் இல்லையா?" என்று ராட்சசனைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான்" என்றது ராட்சசனின் வயிறு.

டிரைவர் ஆச்சரியப்படவில்லை. அதற்கு அவரிடம் அன்றைக்கு இடமில்லை. அம்மா காலையில் தவறிவிட்டாள், பன்னிரண்டு மணிக்குச் சர்ச்சுக்கு எடுக்கிறார்கள், ஷூ வேண்டும் என்றார். இரண்டாவது தட்டில் இடது ஓரம் இருக்கிறது, எடுத்துத்தர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார் மாஸ்டர். டிரைவர் தானே எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து போட்டுக்கொண்டார். எழுந்தவர் வாசல்வரை போய் நின்றுவிட்டார்.

"ஏன் மாஸ்டர், அம்மா செத்துட்டாங்கன்னு ஒருத்தன் வந்து நிக்கறேன். இந்தக் கோலத்தைக் கழட்டிட்டுப் பேசக் கூடாதா?"

"கழட்ட முடியாதுங்க. பக்கிளெல்லாம் முதுகுல இருக்கு. இன்னொருத்தர் வந்துதான்..."



"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார் டிரைவர். பின்னால் வந்து, ஒவ்வொன்றாக ஆறு பக்கிளையும் கழற்றினார். முன்பாதியைப் பிடித்து மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு தன் அம்மாவை எடுக்கப் போனார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். வார்டுக் கதவு, கிழிந்த தோள், ஏதோ சொல்ல எடுத்த வாய். அன்று அந்த அறையில் பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். இருபத்தெட்டுக் கைகள். அக்கா ஒருவழியாக இறங்கி வந்தபோது, அவர் பின்பாதிக் கவசத்தைத் தோளில் போட்டபடியே குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பால் பாத்திரம் கருகிப்போன கதையைச் சொல்ல வந்தவள் அதைச் சொல்லவில்லை.

தயாராக வைத்திருந்த மன்னிப்பை அன்றே அவர் தூக்கிப் போட்டார். இனி கொடுக்கப் போவதில்லை, கேட்கப் போகிறார். இப்போது கண்காட்சி இன்னும் அவசரமாகிவிட்டது.

ஆனால் கவசத்துக்குக் கண் வைத்ததில் ஒரு கோளாறு இருந்தது. படத்தில் இருப்பது போலவே ராட்சசனின் தலையில் அழகாக இரண்டு கண் வைத்திருந்தார். போட்டுப் பார்த்தால் அவருடைய சொந்தத் தலை ராட்சசனின் மார்புக்குள் இருந்தது. ஆணியிடம் கேட்டார். மார்பில் துளை போட்டு வலை வைக்கச் சொன்னான். மார்பில் வைத்தால் அழகு கெடும் என்று மாஸ்டர் அதைத் தொப்புள் பக்கம் இறக்கிவைத்தார். ஆக, ஒன்பது அடி ராட்சசனுக்கு மூன்றடி தூரத் தரையும், போகிற வருகிறவர்களின் பாதங்களும் மட்டுமே தெரிந்தன. ஷூ தைக்கிறவருக்கு இது போதாதா என்று அக்கா கேட்டாள்.

இப்படி நடந்தால் விழுந்துவிடுவீர்கள், பெரிய கவசக்காரர்கள் எல்லோருக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு துணை ஆள் உண்டு, உங்களுக்கு நான் வருகிறேன் என்று ஆணி எழுதினான். உள்ளே பேச்சு சரியாகக் கேட்காது. அதனால் கையில் ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும், இரண்டு தட்டினால் நடக்க வேண்டும். வேன் டிரைவரிடம் சொல்லிப் பக்கிளை மாட்டிக்கொண்டு நில்லுங்கள், வந்துவிடுகிறேன் என்றான்.

கண்காட்சி அன்று எல்லாம் சொல்லிவைத்தது போலத் தப்பாகவே நடந்தது. வேனில் ஏற்றும்போது கவசத்தின் வலது கை உடைந்தது, அதைத் தோல் வாரால் கட்டினார். கட்டியதில் கை மேலே தூக்கியபடியே நின்றுவிட்டது. பார்த்தவர்கள் ராட்சசன் வணக்கம் சொல்கிறான் என்று பதிலுக்குக் கையாட்டினார்கள். உள்ளே வைத்த சின்ன ஃபேன் மண்டப வாசலிலேயே நின்றுபோனது. வியர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

வலைக்குக் கீழே ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வந்து நின்றது. இடது கையை யாரோ பிடித்தார்கள். இரண்டு தட்டு. மாஸ்டர் நடந்தார். பழக்கதோஷத்தில் ஷூவைக் கவனித்தார். இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. அவருடைய செருப்பும் அப்படித்தான் தேயும். முடிந்ததும் இந்தப் பையனுக்கு ஒரு அடிப்பாகம் வைத்துக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பிடித்த கை ஈரமாக இருந்தது. அவனுக்கும் வியர்க்கும்தானே.

"வெள்ளிக் கவசம் எங்கே இருக்கோ, அது பக்கத்துல கொண்டுபோய் நிறுத்துப்பா" என்று உள்ளிருந்து கத்தினார்.

கை கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு இரண்டு தட்டு.

ஒரு தட்டு விழுந்தபோது, வலைக்கு எதிரே வெள்ளி நிறப் பாதங்கள் நின்றன. ஃபோமுக்குள் இருப்பவன் காதில் விழ வேண்டுமென்றால் ஒட்டிப் பேச வேண்டும் என்று அவருக்கு இப்போது தெரியும். தன் மார்பை வெள்ளி மார்போடு மோதி ஒட்டிக்கொண்டார். இரண்டு ராட்சசர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டதாக நினைத்துக் கயிற்றுக்கு வெளியே கூட்டம் கைதட்டியது.

"நான்தாண்டா, அப்பா" என்று கத்தினார். "அன்னைக்கு உனக்குப் பக்கிளெல்லாம் முதுகுல இருந்திருக்கு. அது எனக்குத் தெரியல. கழட்டி விடுங்கன்னு கேக்கத்தான் வாயெடுத்தே. நான் கேக்க விடல. அம்மா முகத்தைக்கூடப் பார்க்க விடாம துரத்திட்டேன். தப்பு உன்மேல இல்ல, என்மேலதான். கேக்குதா உனக்கு?"

வெள்ளி ராட்சசன் அசையவில்லை. மாஸ்டரின் இடது கையைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. ஒரு தட்டா இரண்டு தட்டா என்று அவர் எண்ணப் பார்த்தார், அது தட்டவே இல்லை. கான்வாஸ் ஷூவின் முனையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. மண்டபக் கூரை ஒழுகுகிறது போலும் என்று நினைத்தார்.

எதிரே பக்கிள் கழலும் சத்தம் கேட்டது. வெள்ளித் தலை தரையில் இறங்கி, வலைக்கு நேராக உட்கார்ந்தது. அது காலியாக இருந்தது. மேலே ஒரு பெண் குரல் மூச்சு வாங்கியது. தான் ஒரு பல் டாக்டர் என்றும், அம்மா, பக்கிள் என்பது தவிர உள்ளே எதுவும் காதில் விழவில்லை என்றும் சொல்லி, என்ன வேண்டும் என்று அந்தக் குரல் கேட்டது.

இரண்டு மாசத்து வேலையும் இரண்டு வருஷத்துப் பேச்சும் முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

"இந்தக் கவசத்தைச் செஞ்சவன் எங்கேம்மா?" என்று கேட்டார்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? 'எங்கப்பா வர்றாரு, உள்ளே அவருக்குக் கண்ணு தெரியாது, நான்தான் கையைப் புடிச்சுக்கணும்'னு ரெண்டு வாரமாச் சொல்லி இதை என் தலையில கட்டிட்டு, இப்போ உங்க கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கிறானே, அவன்தான்."