எஸ்கலேட்டரில் ஏறி வந்த சம்பந்தி

கிர்ர்ர்...

அடுத்த அறையிலிருந்து கைப்பையின் ஜிப் சத்தம். ஒரு முறை கேட்டால் பயமில்லை, கைக்குட்டையைத் தேடுகிறாள். இரண்டாவது முறை கேட்டால் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது கிர்ர்ரும் கேட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. என் அக்கா நெனிதா மாலுக்குக் கிளம்பிவிட்டாள்.

“எங்கக்கா கிளம்பிட்டே? மாப்பிள்ளையோட அம்மா வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கே!” என்று சமையலறையிலிருந்து கத்தினேன்.

“அதுக்குத்தாண்டி போறேன். மொதல்ல போய் நல்ல எடமாப் பிடிக்க வேணாமா?”

வாசகர்களே, இந்த இனத்தை உங்களுக்கு முறைப்படி அறிமுகப்படுத்திவிடுகிறேன். இவர்கள் மால்வாசிகள். காட்டில் வாழ்கிறவர் காட்டுவாசி என்றால் மாலில் வாழ்கிறவர் மால்வாசிதானே? இரவில் தூங்குவதற்கு மட்டும் வீட்டுக்கு வருவார்கள். அதுவும் மாலில் விளக்கை அணைத்துவிடுகிறார்களே என்ற வருத்தத்தோடு வருவார்கள். மணிலாவில் இவர்கள் இல்லாத தெரு இல்லை. எங்கள் மண்டலுயோங் பகுதியில் இவர்கள் இல்லாத வீடே இல்லை.

பொருள் வாங்குகிறவரை மால்வாசி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். அவர் வெறும் வாடிக்கையாளர். வாங்கினால் வேலை முடிந்து வெளியே வந்துவிட வேண்டியிருக்குமே! அசல் மால்வாசி வாங்க மாட்டார். “நான் என்ன வாங்கறதுக்கா போறேன்? சும்மா குளுந்துட்டு வர்றேன்” என்பார். அந்தச் ‘சும்மா’வில் ஒரு முழு நாள் அடங்கும்.

காலையில் கதவு திறக்கும் முன்பே அக்கா கண்ணாடிக்கு வெளியே நிற்பாள். கதவு திறந்ததும் கடைப் பெண்கள் இருபக்கமும் வரிசையாக நின்று, நெஞ்சில் கை வைத்து, “காலை வணக்கம் மேடம்” என்று குனிவார்கள். வாங்க வந்தவர்கள் அதைக் கவனிக்காமல் ஓடுவார்கள். அக்கா ஓட மாட்டாள். பிறந்த வீட்டுக்குத் திரும்பும் மகாராணி மாதிரி ஒவ்வொரு வணக்கத்தையும் தலையசைத்து வாங்கிக்கொண்டு நடப்பாள். அன்று முழுக்க அவள் அங்கே வாங்குவது அநேகமாக அது ஒன்றுதான்.

பிறகு செருப்புக் கடைக்குப் போய் இடது காலுக்கு மட்டும் ஒரு செருப்பைப் போட்டுப் பார்ப்பாள். “வேற கலர் இருக்கா?” என்று கேட்பாள். இருக்கிற நிறங்களை எல்லாம் முதலில் கண்ணால் எண்ணிவிட்டு, இல்லாத நிறத்தைக் கேட்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். அடுத்து வாசனைத் திரவியக் கடையில் வலது மணிக்கட்டில் ஒன்று, இடது மணிக்கட்டில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் நான்கு கல்யாண வீடுகள் ஒன்றாக நுழைந்த மாதிரி இருக்கும். பன்றித் தொடைக்கறியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ருசி பாருங்கள் என்று நீட்டும் பெண்ணிடம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை போவாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை போவாள். அந்தப் பெண்ணும் இரண்டு பேர் வந்ததாகவே முகத்தை வைத்துக்கொள்வாள். என்ன ஒரு நாகரிகம்!

ஞாயிற்றுக்கிழமை பூசையும் மாலில்தான். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டுவிடுவார்கள். பாதிரியார் இரு கைகளையும் விரித்து ஆசீர்வதிக்கும்போது அவர் தலைக்குப் பின்னால் ‘எழுபது சதவீதம் தள்ளுபடி’ என்று சிவப்பாகத் தொங்கும். அக்கா கண் கலங்கிச் சிலுவை போட்டுக்கொள்வாள். எதைப் பார்த்துக் கலங்கினாள் என்பது ஆண்டவருக்கு மட்டுமே தெரியும்.

சரி, இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத பழக்கம்தானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் மகள் மரிவிக்கின் வாழ்க்கை அந்த மாலின் படிக்கட்டில் வந்து தொங்கும்வரை.

மரிவிக்கும் எல்மெரும் கல்லூரி நாளிலிருந்தே காதலிக்கிறார்கள். எல்மெர் தங்கமான பையன். அவனிடம் குறை என்று சொன்னால், அம்மா ‘வேண்டாம்’ என்றால் மூச்சு விடுவதைக்கூட நிறுத்திவிடுவான். அந்த அம்மாதான் பெர்பெதுவா, கடல் தாண்டி இருக்கும் இலோய்லோ ஊரில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் கேட்டு வருவது பற்றி என்னிடம் தொலைபேசியில் பேசினார்.

“உங்க வீட்டுக்குப் படி இருக்கில்ல?”

“இருக்குங்க. இரும்புப் படி. கொஞ்சம் செங்குத்தா இருக்கும்.”

“நல்லது. பையன் வீட்டுக்காரங்க பானையில சோறு எடுத்துக்கிட்டு, பொண்ணு வீட்டுப் படியேறி வந்து கேக்கணும். மூச்சு வாங்கினாத்தான் கேக்கறதுல ஒரு மரியாதை இருக்கும். படியேறாமக் கேட்டுக் கட்டின கல்யாணம் எங்க குடும்பத்துல ஒண்ணுகூட இல்ல.”

அவர் வருகிற நாளில் காலை முதல் இரவு வரை எங்கள் தெருவில் மின்சாரம் இருக்காது என்று அறிவித்தார்கள். ஏப்ரல் மாதம். எங்கள் வீட்டில் ஏப்ரலில் மெழுகுவத்தி ஏற்றாமலே உருகும். என் கணவரோ கப்பல் வேலையில் நடுக்கடலில் இருக்கிறார். அதனால் வீட்டில் மூத்தவள் என்ற முறையில் அக்காவே தீர்ப்புச் சொன்னாள்.

“இந்தப் புழுக்கத்துல பொண்ணு கேட்டா, கேக்கறவங்களுக்கும் கோவம் வரும், குடுக்கறவங்களுக்கும் கோவம் வரும். மாலுக்கு வரச் சொல்லுடி.”

“அவங்க படியேறணுமேக்கா!”

“அங்க படியே ஓடுதுடி! அதுக்கு மேல என்ன வேணுமாம்?”

நான் எல்மெரிடம் சொன்னேன். எல்மெர் தன் அம்மாவிடம், “எடம் மாத்தியிருக்காங்கம்மா” என்று மட்டும் சொன்னான். எந்த இடம் என்று சொல்லும் தைரியம் அவனுக்கு மாலின் வாசலுக்கு வந்த பிறகுதான் வந்தது.

அன்றைக்கென்று தள்ளுபடி விற்பனையும் சேர்ந்துகொண்டது. வாசலில் வரிசை தெரு வரைக்கும் நின்றது. காவலாளி டோடோய் ஒவ்வொருவர் பையிலும் குச்சியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தான். அக்கா பேரின்பத்தில் மிதந்தாள். பெர்பெதுவா ஒல்லியான தேகத்தில் முத்து நிறக் கவுனும், கையில் விசிறியுமாக நின்றார். பின்னால் துணி சுற்றிய பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்மெர்.

“என்ன மேடம் இது?” என்றான் டோடோய், பானையைக் காட்டி.

“வாலென்சியானா. கோழி போட்ட மஞ்சச் சோறு. விடியக்காலம் எழுந்து ஆக்கினது.”

டோடோய் துணியை விலக்கினான். மூடியைத் திறந்தான். தன் கடமையைச் செய்தான். குச்சி சோற்றுக்குள் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே வந்தது.

பெர்பெதுவா அந்தக் குச்சியின் நுனியைப் பார்த்தார். “தம்பி, இதுக்கு முன்னாடி அதை எதுக்குள்ள விட்டே?”

டோடோய் பொய் சொல்லத் தெரியாதவன். “ஒருத்தர் ஜிம்முக்குப் போயிட்டு வந்தாரு மேடம். அவரு பைக்குள்ள.”

அதோடு நின்றதா?

“வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போகக் கூடாது மேடம்.”

“இது சாப்பாடு இல்லப்பா. மரியாதை.”

“மரியாதையையும் பை வைக்கிற கவுன்டர்ல வச்சிட்டுத்தான் போகணும் மேடம்.”

அக்காவின் சிபாரிசில் கவுன்டரில் பானைக்கு ஒரு இடம் கிடைத்தது. பானைக்குப் பதிலாக பெர்பெதுவாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் டோக்கன் வந்து சேர்ந்தது. பெண் கேட்க டோக்கனோடு வந்த முதல் தாய் அவராகத்தான் இருப்பார்.

திட்டப்படி நானும் மரிவிக்கும் எஸ்கலேட்டரின் உச்சியில், அதுதான் எங்கள் வீட்டு வாசல் என்ற பாவனையில் நின்றோம். கீழே பெர்பெதுவாவும் எல்மெரும், துணைக்கு அக்காவும். நடுவில் படிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பெர்பெதுவா ஏறவில்லை.

“பயமாயிருக்கா? என் கையைப் பிடிச்சுக்குங்க சம்பந்தி” என்றாள் அக்கா.

“பயமா? எனக்கா? எத்தனை ஆயிரம் பிள்ளைங்களை மேய்ச்சிருக்கேன் தெரியுமா?” விசிறி படாரென்று மூடியது. “நான் ஏறி வந்து கேக்கணும். இது என்னைத் தூக்கிட்டுப் போய் மேல கொட்டினா, பொண்ணு கேட்டது நானா, இந்த மெஷினா? அந்த மாதிரிக் கேட்ட பொண்ணு எங்க வீட்டுக்கு வேணாம். எல்மெர், போய்ப் பானையை வாங்கு. சாயங்காலக் கப்பலுக்கு ஊருக்குப் போவோம்.”

எல்மெர் அண்ணாந்து பார்த்தான். மரிவிக் குனிந்து பார்த்தாள். இருவருக்கும் இடையில் காதலைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல், தள்ளுபடிப் பைகளைச் சுமந்த கூட்டம் மேலே வந்துகொண்டே இருந்தது. என் மகளின் கண்ணிலிருந்து ஒரு துளி, கண்மையையும் இழுத்துக்கொண்டு கன்னத்தில் கறுப்பாக இறங்கியது. எல்மெர் கவுன்டர் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான். பாவி, வைத்தே விட்டான்!

அப்போதுதான் அக்கா திரும்பி, “டோடோய்!” என்று கூப்பிட்டாள். கவுன்டரில் பானையை வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த டோடோய் ஓடி வந்தான். அக்கா எங்கள் ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்து, எஸ்கலேட்டரின் ஓரத்தில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினாள்.

“நிறுத்து.”

“ஐயோ அக்கா, வேலை போயிடும்!”

“உன் பொண்ணு ஞானஸ்நானத்துல கொழந்தையை ஏந்திக்கிட்டது யாரு?”

“நீங்கதான்.”

“அப்ப நான் உன் பொண்ணுக்கு என்ன வேணும்?”

“ஞானத்தாய்.”

“மேல நிக்கிறாளே, அவ எனக்குப் பொண்ணு மாதிரி. உன் பொண்ணுக்கு அவ அக்கா மொறை. அக்கா கல்யாணம் நிக்கறதா, இந்தப் படி நிக்கறதா? நீயே சொல்லு.”

மால்வாசி எதையும் வாங்குவதில்லை என்றேனே, தவறு. இத்தனை வருடமாக அக்கா அங்கே என்ன சேர்த்து வைத்திருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

டோடோய் கூரையில் இருந்த கேமராவைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான். ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்தான். படிகள் ஒரு குலுக்கலோடு நின்றன. “பராமரிப்பு வேலை! எல்லாரும் எறங்குங்க, பராமரிப்பு வேலை!” என்று தானே கத்தினான்.

படி காலியானது. பெர்பெதுவா கவுனை லேசாகத் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினார். கீழே கூட்டம் அண்ணாந்து நின்றது. செருப்புக் கடைப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். யாரோ விஷயத்தைச் சொல்ல, அது காதுக்குக் காது பரவி, அந்தப் பெரிய கூடமே மூச்சை அடக்கிக்கொண்டது. மால் படிகள் வீட்டுப் படிகளைவிட உயரம். பாதியில் நின்றார். விசிறிக்கொண்டார். மறுபடி ஏறினார். உச்சிக்கு வந்தபோது அவர் விரும்பிய மரியாதை அளவுக்கு மீறியே மூச்சு வாங்கியது.

“உங்க... பொண்ணை... எங்க பையனுக்கு...”

“குடுத்தோம்!” என்றேன், அவர் முடிப்பதற்குள்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. யாரென்றே தெரியாத ஒரு பெண்மணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில், “இந்த நிமிடத்திலிருந்து பெண்கள் செருப்பு பாதி விலை” என்று அறிவிப்பு வந்தது. கட்டிக்கொண்ட பெண்மணி என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கைதட்டிய கூட்டத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். “கை கழுவிட்டு வர்றோம்” என்று அக்காவும் பெர்பெதுவாவும் எழுந்து போனார்கள். வரவில்லை. கல்யாணத் தேதியைப் பற்றிப் பேச வேண்டுமே என்று நாங்கள் மூவரும் தளம் தளமாகத் தேடினோம். கடைசியில் ஒரு செருப்புக் கடையிலிருந்து, வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை கேட்கக்கூடிய கணீரென்ற குரல் கேட்டது.

“வேற கலர் இருக்கா?”

எட்டிப் பார்த்தோம். பெர்பெதுவாவின் இடது காலில் மட்டும் புதுச் செருப்பு. இரண்டு மணிக்கட்டிலும் வாசனை. எல்மெர் என் தோளில் சாய்ந்து, “எங்கம்மா இப்படி இல்ல” என்றான். அந்த வாக்கியத்தை எத்தனை குடும்பங்களில் கேட்டிருக்கிறேன்!

மாலையில் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். மின்சாரம் இன்னும் வரவில்லை. எங்கள் இரும்புப் படியில் பெர்பெதுவா ஏறியதை யாரும், அவரே கூட, கவனிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தேதியைப் பேசிடலாங்களா சம்பந்தி?” என்று ஆரம்பித்தேன்.

கிர்ர்ர்.

அவர் கைப்பையைத் திறந்து அந்த டோக்கனை வெளியே எடுத்தார். “அடடா! பானையை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்!”

“நான் போய் எடுத்துட்டு வர்றேம்மா” என்று எல்மெர் எழுந்தான்.

“நீ உக்காருடா. பானையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

கிர்ர்ர்.

“அப்போ தேதி?” என்றேன், ஈனசுரத்தில்.

“நாளைக்குப் பேசுவோமே. மால்ல அந்த பேங்குக்குப் பக்கத்துல ஒரு எடம் இருக்கு சம்பந்தி, குளுந்த காத்து நேரா தலையில விழுது. அங்க வந்துடுங்க.”

அக்கா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“பானைக்கு எதுக்குக்கா ரெண்டு பேரு?” என்றேன். மரிவிக் தன் வருங்கால மாமியாரையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“சும்மா குளுந்துட்டு வர்றோம்” என்றார் பெர்பெதுவா.

கிர்ர்ர். கதவு சாத்திக்கொண்டது. ஏறும்போது அவ்வளவு மூச்சு வாங்கிய அந்தக் கால்கள் இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி ஓடும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

இதைப் படித்துச் சிரிக்கிற வாசகரே, உங்கள் வீட்டிலும் இப்போது ஒரு ஜிப் சத்தம் கேட்டதா? அடுத்த அறையை எட்டிப் பாருங்கள். அங்கே யாரும் இல்லையென்றால், தயவுசெய்து உங்கள் கையைப் பாருங்கள்.