தூங்காத பெட்டி

"சைதா, கரண்ட்டு பூடுச்சு! பெட்டியப் பாரு, பெட்டியப் பாரு!"

பார்க்கச் சொன்னது மனைவியை. நாஷ்டா தட்டைத் தள்ளிவிட்டு எச்சில் கையோடு ஓடியது ஹனீப் பாய்தான். ஹால் மூலையில், கம்ப்யூட்டர் மேசைக்கு மேல் பலகையில், செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகப்பில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்துவிட்டிருந்தது.

"கரண்ட்டு போனா எல்லாந்தான் போவும். வந்து தின்னு முடிங்க" என்றாள் சைதா.

அவர் பதில் சொல்வதற்குள் சட்டைப் பையில் செல்போன் அலறியது. துபாய் எண்.

"மாமா, அஸ்ஸலாமு அலைக்கும். பெட்டி ஆஃப் ஆயிடுச்சா?"

"வ அலைக்கும் ஸலாம் மாப்ள. இப்பத்தான்... இந்த நிமிஷந்தான்..."

"பரவால்ல மாமா. கரண்ட்டு வந்ததும் ஆன் பண்ணிடுங்க. ஹுமைரா நல்லாருக்காளா? சரி மாமா, வெச்சிடறேன்."

ஹனீப் பாய் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கரண்ட் போன விஷயம் அடுத்த தெருவுக்கே இன்னும் தெரிந்திருக்காது. துபாய்க்கு எப்படிப் போனது?

மொஹசின் அவருடைய ஒரே மகள் ஹுமைராவின் புருஷன். பழவேற்காட்டில் நல்ல குடும்பம். நிக்காஹ் முடிந்த கையோடு துபாய்க்குத் திரும்பியவன், ஹுமைராவுக்கு விசா வரும்வரை அவள் வாப்பா வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லி, கூடவே இந்தப் பெட்டியையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். கல்யாணப் படங்கள், வீடியோ எல்லாம் இதற்குள் இருக்கும். பிராட்பேண்டு கம்பியைச் செருகி, எப்போதும் ஓடவிட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் நலம். சிவப்பு எரிந்தால் ஆபத்து. அவன் சொல்லிக் கொடுத்த பாடம் இவ்வளவுதான்.

இதில் ஹனீப் பாய் சொந்தமாக ஒரு காரியம் செய்திருந்தார். பெண்கள் பக்கத்து வீடியோ அந்நிய ஆண்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே! எடுத்தது ஒரு பெண்தான் என்றாலும் கேசட் ஸ்டூடியோவில் கிடந்தால் யாரும் போட்டுப் பார்க்கலாம். எல்லாக் கேசட்டையும் கேட்டு வாங்கி, பெட்டியில் ஏற்றி முடித்ததும், கொல்லைப்புறத்தில் போட்டுத் தன் கையாலேயே கொளுத்திவிட்டார். அப்போது அவருக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

பெருமை அந்தக் கோடை வரைக்கும்தான் நீடித்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். புதுவாயலில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தொழிற்பேட்டைக்காரர்களுக்கு ஹெல்மெட்டும் கையுறையும் பாதுகாப்பு ஷூவும் விற்கிற ஹனீப் பாய்க்குத் தன் வீட்டுப் பெட்டியைப் பாதுகாக்க வழி தெரியவில்லை. இப்படிப் பொசுக்குப் பொசுக்கென்று அணைந்தால் ஒருநாள் இது செத்தே போகும். கல்யாணமும் அதோடு போகும். மாப்பிள்ளை ஒரே ஒரு பொருளை நம்பிக் கொடுத்தார், அதைக்கூடக் காப்பாற்ற வக்கில்லையா என்று பழவேற்காட்டில் கேட்டால் மகள் எந்த முகத்தோடு அங்கே போய் வாழ்வாள்?

கும்மிடிப்பூண்டியில் பேட்டரிக் கடை வைத்திருந்த தானியேலை வரவழைத்தார்.

"ஒரு யூபிஎஸ் போட்ருவோம் பாய். கரண்ட்டு போனாலும் பெட்டி ஓடும்."

"போடு. ஆனா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாத. உள்ள லேடீஸ் போட்டோ கீது."

"அத நான் ஏன் பாய் பாக்கப் போறேன்?"

"பாக்க மாட்டே. இருந்தாலும் அந்தச் செவுத்தப் பாத்துக்கினே வேல செய்யி."

தானியேல் சுவரைப் பார்த்தபடியே யூபிஎஸ்ஸை மாட்டினான். அன்று மதியம் கரண்ட் போனது. பெட்டி அணையவில்லை. ஹனீப் பாய் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் யூபிஎஸ் 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. பெட்டியும் சேர்ந்தே அடங்கியது.

போன் அடித்தது. "மாமா, ஆஃப் ஆயிடுச்சா?"

மறுபடி தானியேல். மறுபடி சுவர்.

"பெட்டி இடைவிடாம சுத்துது பாய், அதான் சார்ஜ் நிக்கல. யாரும் தொடலன்னா பத்து நிமிஷத்துல தானா தூங்கறாப்புல இதுல ஒரு வசதி கீதாம். கூட வந்த புக்குல போட்டுருக்கான். தூங்கிட்டா கரண்ட்டே இழுக்காது. உங்க பொண்ணக் கம்ப்யூட்டர்ல வெச்சிடச் சொல்லுங்க."

ஹுமைரா வந்து, புத்தகத்தைப் பார்த்து, அந்த வசதியை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஹனீப் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியின் எதிரில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் போனது. இன்னொரு பத்தும் போனது. பெட்டி 'கிர்ர்... கிர்ர்...' என்று முனகிக்கொண்டே இருந்தது.

"தூங்கலியே தானியேலு!" என்று போனில் கத்தினார்.

"யாராச்சும் அதுல படம் பாத்துக்கினு இருந்தா தூங்காது பாய்."

"யாரு பாக்கறது? கம்ப்யூட்டரே ஆஃப்ல கீது!"

"அப்பன்னா வைரஸ்ஸா இருக்கும்."

ஹனீப் பாய் போனை வைத்துவிட்டுப் பெட்டியை முறைத்தார். வைரஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனால் அது நிச்சயம் ஒரு அந்நிய ஆண் என்று தோன்றியது. கம்ப்யூட்டர் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார். பெட்டி அதற்கும் அசரவில்லை. தொழுகைக்குப் போய்விட்டு வந்து பார்த்தார், முனகியது. கடையை அடைத்துவிட்டு வந்து பார்த்தார், முனகியது. வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. சனிக்கிழமை பழையபடி ஆரம்பித்துவிட்டது.

"சரி, அது தூங்க வேணாம். தூங்காமலே ஓடட்டும். பெரிய இன்வர்ட்டரா வாங்கிடறேன்" என்று முடிவு செய்தார்.

இன்வர்ட்டர் வந்தது. கூடவே இடுப்பு உயரத்துக்கு ஒரு பேட்டரி. ஒரு ஸ்டெபிலைசர். யூபிஎஸ்ஸும் போகட்டும் என்று பக்கத்திலேயே நின்றது. இத்தனைக்கும் பின்னால் பெட்டி எங்கே இருக்கிறது என்று கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தது. பச்சை வெளிச்சம் மட்டும் சந்தில் தெரிந்தது. அது போதும் என்று ஹனீப் பாய் நிம்மதியானார்.

மறுநாள் கடையில் இருக்கும்போது போன் வந்தது. "மாமா, ஆஃப் ஆயிடுச்சா?"

பாதி வியாபாரத்தில் எழுந்து வீட்டுக்கு ஓடினார். சைதா இன்வர்ட்டரில் மிக்ஸியைச் செருகி மசாலா அரைத்து, ஃபிரிட்ஜையும் அதிலேயே மாட்டி, பேட்டரியை ஒட்ட உறிஞ்சியிருந்தாள்.

"அடிப்பாவி! கல்யாணத்தையே அரைச்சிட்டியே!"

"இன்னா சும்மா கத்தறீங்க? ஊட்டுல மனுஷங்க வேர்த்து வடியறாங்க, அந்த டப்பாவுக்கு மட்டும் தனியா கரண்ட்டா? கட்டிக் குடுத்த பொண்ணு ஒருத்தி உள்ள மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு உக்காந்துருக்கா. அவள இன்னான்னு ஒரு வாட்டி கேட்டீங்களா?"

"அவளுக்கு இன்னா? நல்லாத்தான் கீறா. மாப்ள போன் பண்ணா குடுத்துக்கினுதான இருக்கேன்."

குடுத்துக்கொண்டுதான் இருந்தார். பெட்டி விஷயமெல்லாம் பேசி முடித்து, மாப்பிள்ளையின் போன் கார்டில் காசு தீரப் போகிற நேரத்தில் போனை மகளிடம் நீட்டுவார். அவள் "ம்" என்பதற்குள் லைன் அறுந்துவிடும்.

அன்றைக்கே பந்தல்கார குப்புராஜைப் பிடித்தார். திருவிழாக்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன் அவன்.

"இன்னா பாய் விசேஷம்?"

"விசேஷம்லாம் ஒண்ணுமில்ல. பெட்டிக்குத்தான்."

குப்புராஜுக்கு விளங்கவில்லை. ஆனாலும் எளாவூர்த் திருவிழாவுக்குப் போக வேண்டிய ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றினான். தெருவே அதிர்ந்தது. புகை மாடிவரை போனது.

அந்தப் பக்கத்து ஊர்களில் வாசலில் ஜெனரேட்டர் நின்றால் அந்த வீட்டில் விசேஷம் என்று அர்த்தம். முதலில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"இன்னா பாய், பத்திரிகை வெக்காட்டி போவுது, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நானே வந்துட்டேன். பிரியாணி எப்போ?"

"பிரியாணியும் இல்ல, ஒண்ணுமில்லம்மா! சும்மா கரண்ட்டுக்கு..."

"சும்மாவா? சும்மா யாராச்சும் ஜெனரேட்டரு வெப்பாங்களா?" கன்னியம்மா கோபித்துக்கொண்டு திண்டுமுண்டாக ஏதோ பேசியபடி போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்து கோபித்துக்கொண்டு போனார்கள். கடைசியாகப் பழவேற்காட்டிலிருந்து போன் வந்தது. சம்பந்தியம்மாவேதான்.

"ஊட்டுல பெரிய விசேஷமாமே? சம்பந்தி ஊட்டுக்குச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணலியா?"

ஜெனரேட்டர் சத்தத்தில் ஹனீப் பாய் சொன்ன எதுவும் அந்தம்மாவுக்குக் கேட்கவில்லை. லைன் கட்டானது. "நிறுத்துய்யா அத!" என்று வாசலில் நின்று கத்தினார். குப்புராஜ் பதறிப்போய் படக்கென்று நிறுத்தினான்.

உள்ளே வந்து கழுத்தை நீட்டி சந்தில் பார்த்தார்.

சிவப்பு.

ஹனீப் பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யூபிஎஸ் ஓடுகிறது, இன்வர்ட்டர் ஓடுகிறது, பெட்டிக்குக் கரண்ட் இருக்கிறது, ஆனாலும் சிவப்பு. தான்தான் கொன்றோம், ஜெனரேட்டரைப் படக்கென்று நிறுத்தச் சொன்னோமே, அதில்தான் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. கேசட்டும் இல்லை, கொளுத்தியாகிவிட்டது. மகள் சிவப்பு முக்காட்டோடு உட்கார்ந்திருந்ததை இனி இந்த உலகத்தில் யாரும் பார்க்க முடியாது. அவருக்கு அழுகை வந்தது. மகளுக்குத் தெரியக் கூடாது என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

போன் அடித்தது. துபாய். அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. போனையே அணைத்து அரிசி டிரம்மில் போட்டு மூடினார்.

தானியேலைக் கூப்பிடவும் பயம். அவன் வந்து "செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டால்? சொல்லாத வரைக்கும் கொஞ்சமாவது உயிர் இருக்கலாம் அல்லவா? கடைக்குப் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஹுமைரா மட்டும் வழக்கத்துக்கு மாறாகத் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பாவம், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதார்.

மூன்றாம் நாள் காலை வாசலில் டாக்ஸி ஒன்று வந்து நின்றது. இறங்கியது மொஹசின். கையில் ஒரு சின்னப் பை, கண்ணெல்லாம் சிவப்பு, சட்டை கசங்கியிருந்தது.

ஹனீப் பாய் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, மன்னிச்சிடுங்க! பெட்டி போயிடுச்சு. என் தப்புதான். பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க."

"பெட்டி கெடக்குது மாமா. ஹுமைரா எங்க?" மொஹசின் உள்ளே எட்டிப் பார்த்தான். "அந்தப் பெட்டி வழியாத்தான் மாமா அங்க ஆபீசுல உக்காந்துக்கினு அவ போட்டோவப் பாப்பேன். வெள்ளிக்கிழமை லீவு போவ தெனமும். இங்க லைன் ரொம்ப ஸ்லோ. மொதல்ல முக்காடு வரும், அப்பறம் நெத்தி வரும். கண்ணு வர்ற நேரத்துல இங்க கரண்ட்டு பூடும்."

"ஒரு தடவ எடுத்து அங்கயே வெச்சிக்கக் கூடாதா மாப்ள?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெச்சா மத்தவனுங்க பாத்துடுவாங்களே மாமா!"

ஹனீப் பாய்க்கு இதில் எந்தக் குறையும் சொல்லத் தோன்றவில்லை.

"ரெண்டு நாளா போட்டோவும் இல்ல, நீங்க போனும் எடுக்கல. என்னால அங்க இருக்க முடியல. மொதலாளி கால்ல உழுந்து லீவு வாங்கினு வந்துட்டேன். இனிமே அவளக் கூட்டிக்கினுதான் போவேன். அதுவரைக்கும் போவ மாட்டேன்."

உள்ளே கொலுசு ஓடி வருகிற சத்தம் கேட்டது. கதவு வரை வந்து நின்றுவிட்டது. மொஹசின் பையைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனான். சைதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேள, அந்தச் சனியன் பூட்டுச்சு" என்றாள்.

சைதா சொல்லியனுப்பி, தானியேலும் அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தான். வழக்கப்படி சுவரைப் பார்த்துக்கொண்டே யூபிஎஸ், இன்வர்ட்டர், ஸ்டெபிலைசர் சந்துகளுக்குள் கையை விட்டுத் துழாவினான். எதையோ எடுத்துச் செருகினான். 'டக்'கென்று ஒரு சத்தம். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"படமெல்லாம் பத்திரமா கீதா தானியேலு?" ஹனீப் பாய் சந்தில் கழுத்தை நீட்டினார். "இன்னா பண்ணே? இன்னா ஆச்சு அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் ஆவல பாய், நெட்டு ஒயர்தான் கழண்டு கெடந்துச்சு" என்றான் தானியேல், இன்னமும் சுவரைப் பார்த்தபடியே. "ஜெனரேட்டரு வெச்ச அன்னிக்கே உங்க பொண்ணு பக்கத்து ஊட்டுலேந்து போன் பண்ணி, 'படமெல்லாம் பத்திரமா இருக்கணும், ஆனா துபாய்ல மட்டும் தெரியக் கூடாது, எந்த ஒயர உருவணும் அண்ணா?'ன்னு கேட்டுச்சே, உங்ககிட்ட சொல்லலியா?"